முந்திரி ஆலையில் உடைசலைக் குறைத்துத் தரத்தைக் கூட்டுவது: கொட்டை வாங்குவது முதல் டின் அடைப்பது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பண்ருட்டி, காடாம்புலியூர், முத்தாண்டிக்குப்பம் வட்டாரத்தில் எந்த முந்திரி ஆலைக்குள் நுழைந்து உடைசல் எங்கே அதிகம் என்று கேட்டாலும், முதலாளியின் கை தோல் உரிக்கும் கூடத்தை நோக்கித்தான் நீளும். உடைந்த பருப்பு தனித் தட்டில் குவிவதை முதன்முதலில் பார்ப்பது அங்கேதான் என்பதால் அவர் அப்படிச் சொல்வதில் வியப்பில்லை. ஆனால் அந்தப் பருப்பு பிளப்பதற்கான காரணம் பெரும்பாலும் முந்தின இரவு பருப்பைச் சூட்டில் வாட்டும் போர்மாவிலோ, அதற்கும் முந்தின நாள் பாய்லர் பக்கத்திலோ, சில சமயம் மூன்று மாதத்துக்கு முன்பு கொட்டை வாங்கிய களத்திலோ ஏற்பட்டுவிடுகிறது. அந்தக் காரணத்தை அது பிறக்கும் இடத்திலேயே எப்படிப் பிடிப்பது என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். நாளொன்றுக்கு 5 முதல் 20 மூட்டை வரை உடைக்கும் சிறு, நடுத்தர ஆலைகளை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். பெரிய இயந்திரம் எதுவும் வாங்கச் சொல்லவில்லை. ஒரு நல்ல தராசு, சில வெப்பமானிகள், ஓர் ஈரப்பதமானி, ஒரு நோட்டு ஆகியவை இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம்.

இந்தச் சிரமத்துக்குப் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்காக முதலில் ஒரு கணக்கு. நாளொன்றுக்கு 10 மூட்டை, அதாவது 800 கிலோ கொட்டை உடைக்கும் ஆலையில் 27 விழுக்காடு பருப்பு கிடைத்தால் 216 கிலோ பருப்பு வரும். முழுப்பருப்புக்கும் இரண்டாகப் பிளந்த பருப்புக்கும் கிலோவுக்கு 100 ரூபாய் வித்தியாசம் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். சந்தையில் இது நாளுக்கு நாள் மாறும். மொத்தப் பருப்பில் வெறும் 5 விழுக்காடு அளவுக்கு உடைசலைக் குறைத்தால் நாளொன்றுக்கு 10.8 கிலோ பருப்பு மேல் தரத்துக்கு ஏறுகிறது. அதன் மதிப்பு 1,080 ரூபாய். 300 வேலை நாளுக்கு 3,24,000 ரூபாய். கொட்டை விலையில் மூட்டைக்கு 50 ரூபாய் குறைக்க வியாபாரியிடம் அரைமணி நேரம் பேரம் பேசும் நாம், இந்தத் தொகையைத் தினமும் தட்டில் கொட்டிவிட்டுப் பேசாமல் இருக்கிறோம்.

முதல் படி: ஒரு லாட்டை வாசலிலிருந்து டின் வரை பின்தொடர்தல்

எதையும் மாற்றுவதற்கு முன்பு இப்போது என்ன நடக்கிறது என்பதை அளக்கவேண்டும். ஒரே இடத்திலிருந்து வந்த 10 மூட்டையைத் தனி லாட்டாக எடுத்து, அதற்கு ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணை எழுதிய அட்டையை ஒவ்வொரு தட்டோடும் கூடையோடும் கடைசிவரை அனுப்புங்கள். அவிப்பதற்கு முன், ஓட்டை அறுக்கும் கட்டிங் முடிந்தபின், போர்மாவிலிருந்து எடுத்தபின், தோல் உரித்தபின், தரம் பிரித்தபின் என ஐந்து இடங்களில் எடை போடவேண்டும். கட்டிங்குக்குப் பிறகு வரும் ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்ததுபோல் பல கூடைகளிலிருந்து கலந்து 200 பருப்பை எண்ணி, அதில் உடைந்தவை எத்தனை என்று குறிக்கவேண்டும். எண்ணுபவர் அந்தப் பகுதிக்குப் பொறுப்பானவராக இருக்கக்கூடாது. தன் வேலையைத் தானே எண்ணும் எவருக்கும் கை கொஞ்சம் இரக்கம் காட்டத்தான் செய்யும்.

நான் மேற்பார்வைக்குப் போன ஓர் ஆலையில் இப்படி எண்ணியபோது கட்டிங்குக்குப் பின் 200-க்கு 8, போர்மாவுக்குப் பின் 9, தோல் உரித்தபின் 24 என்று வந்தது. போர்மாவில் ஒன்றுதான் கூடியிருக்கிறது, உரிக்கும்போது 15 கூடியிருக்கிறது. எனவே குறை உரிக்கும் இடத்தில்தான் என்று நானும் முடிவுகட்டினேன். உரிக்கும் பெண்களுக்குப் பயிற்சி தேவை என்று அறிக்கையில் எழுதியும் கொடுத்தேன். அது என் தவறு. எண் எங்கே கூடியது என்பதை மட்டும் பார்த்தேனே தவிர, அந்த எண்ணுக்குள் என்ன கலந்திருக்கிறது என்பதைப் பிரித்துப் பார்க்கவில்லை. அதை எனக்குக் காட்டியவர் யார் என்பதைப் போர்மா பற்றிய பகுதியில் சொல்கிறேன்.

இரண்டாம் படி: கொட்டையை அறுத்துப் பார்த்து வாங்குதல்

கொட்டையில் இல்லாத தரத்தை ஆலையில் உண்டாக்கமுடியாது. வாங்கும் சரக்கில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு மூட்டைகளிலிருந்து, மேல், நடு, அடி என மூன்று இடங்களில் கொட்டை எடுத்துக் கலந்து, அதில் சரியாக ஒரு கிலோவை எடைபோட்டுக்கொள்ளுங்கள். கொட்டைகளை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்; கிலோவுக்கு எண்ணிக்கை குறைவாக இருந்தால் கொட்டை பெரியது என்று பொருள். பிறகு ஒவ்வொன்றையும் அறுத்து, நல்ல பருப்பு, முற்றாததும் புள்ளி விழுந்ததுமான பருப்பு, அழுகியதும் பொக்கும் என மூன்றாகப் பிரித்துத் தோலோடு எடைபோடவேண்டும். நல்ல பருப்பின் எடையோடு இரண்டாம் வகையின் பாதி எடையைக் கூட்டினால் கிடைப்பதுதான் பயன்படும் பருப்பு.

நல்ல பருப்பு 264 கிராம், புள்ளி விழுந்தது 16 கிராம் என்று வந்தால், 264 கிராமோடு 8 கிராமைச் சேர்த்து 272 கிராம். ஒரு மூட்டைக்கு 80 கிலோ என்பதால் இதை 80-ஆல் பெருக்கி, ஒரு பவுண்டுக்குரிய 453.6-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 48 என்று வரும். வியாபாரிகள் '48 பவுண்டு சரக்கு' என்று சொல்வது இதைத்தான். அவர்கள் சொல்லும் பவுண்டை நம்பி வாங்குவதற்கும், நம் மேசையில் அறுத்துக் கண்ட பவுண்டை வைத்து வாங்குவதற்கும் உள்ள வேறுபாடு ஒரே பருவத்தில் தெரிந்துவிடும்.

கடலூர் மாவட்டத்துக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல் இந்தச் செம்மண் மேட்டிலிருந்த முந்திரித் தோப்புகளை வேரோடு சாய்த்தபிறகு, ஆலைகள் ஆப்பிரிக்கக் கொட்டையை நம்பியிருப்பது மேலும் கூடியது. ஐவரி கோஸ்ட், பெனின், கானா, தான்சானியா போன்ற நாடுகளிலிருந்து வரும் கொட்டையும், விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வி.ஆர்.ஐ.-3 போன்ற உள்ளூர் ரகங்களின் கொட்டையும் அளவில் ஒத்துவருவதில்லை, ஓட்டுத் தடிமனில் ஒத்துவருவதில்லை, ஈரத்திலும் ஒத்துவருவதில்லை. இரண்டையும் ஒரே அண்டாவில் அவிப்பது புழுங்கலையும் பச்சரிசியையும் ஒரே பானையில் வடிப்பது போன்றது. இடம் குறைவு என்பதற்காகச் சரக்கைக் கலக்கும் பழக்கம் உங்கள் ஆலையில் இருந்தால், மற்ற எந்தத் திருத்தத்துக்கும் முன்பாக அதை நிறுத்துங்கள்.

மூன்றாம் படி: உலர்த்தலும் இருப்பும்

பங்குனி, சித்திரை, வைகாசியில் வரும் கொட்டையைக் களத்தில் நன்றாகக் காயவைத்து, ஈரம் 8 விழுக்காட்டளவுக்கு இறங்கியபின் மூட்டை பிடிக்கவேண்டும். காய்ந்த கொட்டையைக் காதருகே குலுக்கினால் உள்ளே பருப்பு ஆடும் ஓசை கேட்கும்; பெரியவர்கள் இதை வைத்தே சொல்லிவிடுவார்கள், என்றாலும் ஈரப்பதமானியில் ஒரு முறை பார்த்து எழுதிவைப்பது நல்லது. மூட்டைகளைத் தரையில் நேரடியாக அடுக்காமல் மரச்சட்டங்களின்மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்கவேண்டும். 2015-ஆம் ஆண்டு வெள்ளத்தைப் பார்த்த கடலூர்க்காரர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. முதலில் வந்த மூட்டை முதலில் வெளியேறும்படி இருபக்கமும் வழிவிட்டு அடுக்குங்கள். ஒரே பக்கத்தில் வழி இருந்தால் பழைய சரக்கு எப்போதும் சுவரோரமே தங்கிப்போகும்.

நான்காம் படி: அவித்தலும் ஆறவைத்தலும்

அவிப்பதற்கு முன்பு கொட்டையைச் சல்லடையில் ஓடவிட்டு அளவு வாரியாகப் பிரிப்பது கட்டாயம். பெரிய கொட்டைக்குப் போதுமான நீராவி சிறிய கொட்டைக்கு மிகுதி. மிகுதியாக அவிந்தால் ஓட்டிலுள்ள எண்ணெய் பருப்புக்குள் இறங்கி அதை மஞ்சளாக்கும். குறைவாக அவிந்தால் ஓடு பருப்பை விடாமல் பிடித்துக்கொள்ளும், கத்தி பருப்பையும் சேர்த்து அறுக்கும். கொட்டையின் அளவையும் ஈரத்தையும் பாய்லர் அழுத்தத்தையும் பொறுத்து 15 முதல் 25 நிமிடம் வரை ஆகலாம். உங்கள் ஆலைக்கான நிமிடத்தை நீங்களேதான் கண்டுபிடிக்கவேண்டும். ஒரே அளவுக் கொட்டையை மூன்று பங்காக்கி, இரண்டிரண்டு நிமிட இடைவெளியில் மூன்று நேரங்களில் அவித்து, ஒவ்வொன்றிலும் 200 பருப்பை எண்ணினால் ஒரே நாளில் விடை கிடைத்துவிடும். அப்படி எண்ணும்போது மற்ற எதையும் மாற்றாதீர்கள். அழுத்தத்தையும் நேரத்தையும் ஒன்றாக மாற்றிவிட்டால் எது வேலை செய்தது என்பது யாருக்கும் தெரியாது.

அவித்த கொட்டையைப் பரப்பி 12 முதல் 24 மணி நேரம் ஆறவிடவேண்டும். ஏற்றுமதி ஆர்டர் நெருக்கும்போது முதலில் வெட்டு விழுவது இந்த நேரத்தில்தான். ஆறு மணி நேரத்தில் கட்டிங்குக்கு அனுப்பிய லாட்டில் கத்தி ஓட்டில் வழுக்கி, பருப்பு நசுங்கி வருவதைப் பார்த்திருக்கிறேன். மிச்சம்பிடித்த ஆறு மணி நேரத்தை, அறுபடாத கொட்டையைத் திரும்ப எடுத்து அறுப்பதிலேயே இழந்தார்கள்.

ஐந்தாம் படி: கட்டிங்

கை மேசையானாலும் தானியங்கி இயந்திரமானாலும் உடைசலைத் தீர்மானிப்பது இரண்டு கத்திகளுக்கு இடையிலுள்ள இடைவெளிதான். அளவு பிரித்த கொட்டை வரும்போது அந்த இடைவெளியையும் அதற்கேற்ப மாற்றவேண்டும். ஆனால் வேலை நெருக்கடியில் இது 'கண் அளவில்' நடக்கிறது. இதற்கு ஓர் எளிய வழி, ஒவ்வொரு கொட்டை அளவுக்கும் ஒரு தகடு வெட்டி வெவ்வேறு வண்ணம் அடித்து இயந்திரத்திலேயே சங்கிலியால் கட்டிவிடுவது. கத்திகளுக்கு இடையே தகடு இறுக்கமாக நுழைந்தால் இடைவெளி சரி. கொட்டைக் கூடையின் அட்டையும் அதே வண்ணத்தில் இருந்தால், மஞ்சள் கூடைக்கு மஞ்சள் தகடு என்று புதிதாக வந்தவரும் தவறாமல் செய்துவிடுவார். கவனமாக இருங்கள் என்று சொல்லிக்கொண்டிருப்பதைவிடத் தவறு செய்யவே முடியாதபடி ஏற்பாடு செய்வது மேல் என்பதை வலியுறுத்தியவர் ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ. அந்த நாட்டுத் தொழிற்சாலைகளில் இதற்குப் போக்கா-யோக்கே என்று பெயர். வண்ணத் தகடு அந்த வகைதான்.

கத்தியை எப்போது தீட்டவேண்டும் என்பதையும் இயந்திரக்காரரின் மனத்துக்கு விட்டுவிடாமல், இத்தனை மூட்டைக்கு ஒரு முறை என்று எழுதிவிடுங்கள். ஓட்டு எண்ணெய் தோலைப் புண்ணாக்கும் என்பதால் கையுறையோ, கையில் தடவ ஆமணக்கெண்ணெயோ இல்லாமல் யாரையும் மேசையில் உட்காரவைக்கக் கூடாது. எரியும் விரலோடு வேலை செய்பவரிடம் முழுப்பருப்பை எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை, நடக்கவும் நடக்காது.

ஆறாம் படி: போர்மா, அதாவது பெரும்பாலான உடைசல் பிறக்கும் இடம்

கட்டிங்கிலிருந்து வரும் பருப்பில் 6 முதல் 8 விழுக்காடு ஈரம் இருக்கும். அதைப் போர்மாவில் 70 டிகிரி செல்சியஸ் அளவில் 6 முதல் 8 மணி நேரம் வாட்டி, ஈரத்தை 3 விழுக்காட்டளவுக்கு இறக்கினால்தான் தோல் சுருங்கிப் பருப்பைவிட்டு விலகும். பிரச்சினை என்னவென்றால், தோலை விலக்கும் அதே வறட்சி பருப்பை நொறுங்கவும் வைக்கும். எனவே இங்கே தேவை ஒரு சராசரி வெப்பம் அல்ல. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரே வெப்பம்.

முன்பு சொன்ன அந்த ஆலைக்கு ஐப்பசி மழையில் இரண்டாம் முறை போனபோது, உரிக்கும் கூடத்திலிருந்த வயதான ஓர் அம்மா என்னை அழைத்து, உள்ளங்கையில் இரண்டு பருப்புகளை வைத்தார். ஒன்றின் நடுக்கோட்டில் கட்டைவிரலை மெல்ல வைத்ததுமே 'டிக்' என்று பிஸ்கட்போல் பிளந்தது. இன்னொன்றை எவ்வளவு தேய்த்தும் தோல் நகரவில்லை. கத்தி முனையால் சுரண்டியபோது பருப்பில் கோடு விழுந்ததுதான் மிச்சம். "மேத்தட்டுப் பருப்பு தொட்டாலே பொளக்குது, கீழ்த்தட்டுப் பருப்பு தோலையே விடமாட்டேங்குது. ரெண்டையும் ஒண்ணாக் கொட்டிக் குடுத்துட்டு எங்களைத் திட்டுனா எப்படி சார்?" என்றார் அவர்.

அன்றே மேல், நடு, கீழ்த் தட்டுகளின் பருப்பைக் கலக்காமல் தனித்தனியாக உரிக்கவைத்து எண்ணினோம். மேல்தட்டில் 200-க்கு 36, நடுத்தட்டில் 14, கீழ்த்தட்டில் 22 உடைந்திருந்தன. மூன்றின் சராசரி அதே 24. ஒரே எண்ணுக்குள் மூன்று கதைகள் இருந்தன. ஆறு வெப்பமானிகளை ஆறு மூலைகளில் வைத்துப் பார்த்தபோது, மேல்தட்டின் பின்மூலை 78 டிகிரியிலும் கதவோரக் கீழ்த்தட்டு 59 டிகிரியிலும் இருந்தன. போர்மாவின் கதவில் பொருத்தியிருந்த ஒற்றை மீட்டர் மட்டும் எப்போதும் 70 என்றே சொல்லிக்கொண்டிருந்தது, அது பொய்யும் சொல்லவில்லை.

செய்த திருத்தங்கள் சாதாரணமானவை. காற்றுவழியில் அடைந்திருந்த தோல் தூசியைச் சுத்தம் செய்தோம், கதவின் தேய்ந்த ரப்பரை மாற்றினோம், பாதி நேரத்தில் மேல்தட்டைக் கீழேயும் கீழ்த்தட்டை மேலேயும் மாற்றும் முறையைக் கொண்டுவந்தோம். மாற்றியதற்கு அடையாளமாகத் தட்டின் முன்விளிம்பில் சிவப்புக்கோடு; மாற்றும்போது தட்டைத் திருப்பியும் வைப்பதால் கோடு உள்ளே போய்விடும், வெளியே தெரிந்தால் இன்னும் மாற்றவில்லை என்று பொருள். அதோடு, போர்மாவிலிருந்து எடுத்த பருப்பைச் சூட்டோடு உரிக்க அனுப்பாமல், ஆறவைத்து, ஈரக்காற்று படும் அறையில் சிறிது நேரம் வைத்துப் பருப்பு கொஞ்சம் ஈரத்தை வாங்கியபின் அனுப்பினோம். இரண்டு வாரத்தில் சராசரி 24-லிருந்து 15-க்கு இறங்கியது. பயிற்சி என்று நான் எழுதிய அறிக்கையை அதற்குள் யாரும் படித்திருக்கவில்லை என்பதில் எனக்கு ஆறுதல்தான்.

உங்கள் போர்மாவிலும் இதைச் செய்து பாருங்கள். வாடகைக்கோ இரவலாகவோ ஆறு வெப்பமானி வாங்கி, முதலில் எல்லாவற்றையும் ஒரே கொதிநீரில் வைத்து ஒரே எண்ணைக் காட்டுகின்றனவா என்று சரிபார்த்து, பிறகு போர்மாவின் ஆறு மூலைகளில் வைத்து, மணிக்கு ஒரு முறை குறித்தால் போதும். மிக உயர்ந்த எண்ணுக்கும் மிகத் தாழ்ந்த எண்ணுக்கும் உள்ள இடைவெளி 5 டிகிரிக்குள் வரும்வரை வேறு எதிலும் பணத்தைப் போடாதீர்கள் என்பது என் கருத்து.

ஏழாம் படி: தோல் உரித்தலும் கூலியும்

உரித்த கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கும் இடத்தில் வேகம் கூடும், உடைசலும் கூடும். அதற்கு உரிப்பவரைக் குறைசொல்வது பொருந்தாது, ஏனென்றால் கூலி அவரிடம் வேகத்தைத்தான் கேட்டது. முழுப்பருப்புக்குக் கிலோவுக்குக் கூடுதல் கூலி என்று வைத்த ஆலைகளில் கை தானாகவே நிதானமாகிறது. ஆனால் இதில் ஒரு நிபந்தனை உண்டு. போர்மாவில் முறுகிய தட்டு ஒருவருக்கும் பதமான தட்டு இன்னொருவருக்கும் போனால், கூடுதல் கூலி உழைப்புக்குக் கிடைக்காமல் அதிர்ஷ்டத்துக்குக் கிடைக்கும், கூடத்தில் சண்டைதான் மிஞ்சும். எனவே ஆறாம் படி முடியாமல் ஏழாம் படிக்கு வரக்கூடாது. மேலும், பதம் கெட்ட தட்டு வந்தால் உரிப்பவரே அதைத் தனியே ஒதுக்கி மேற்பார்வையாளரை அழைக்கும் உரிமை அவருக்கு இருக்கவேண்டும். ஒதுக்கியதற்காகக் கூலி குறையக்கூடாது. டொயோட்டாவின் கார் ஆலையில் குறை கண்ட எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து ஓட்டத்தை நிறுத்தலாம் என்பதும் இதே ஏற்பாடுதான்.

எட்டாம் படி: தரம் பிரித்தலும் அடைத்தலும்

இதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. டபிள்யூ-210 என்றால் ஒரு பவுண்டுக்கு 200 முதல் 210 வரை, டபிள்யூ-240 என்றால் 220 முதல் 240 வரை, டபிள்யூ-320 என்றால் 300 முதல் 320 வரை வெள்ளை முழுப்பருப்புகள். தரம் பிரிப்பவர் சந்தேகத்தில் பெரிய பருப்பைச் சிறிய தரத்தில் போட்டுவிட்டால் வாங்குபவர் புகார் செய்யமாட்டார். நட்டம் சத்தமில்லாமல் நம்மிடமே தங்கும். அதனால் தினமும் அடைத்த சரக்கில் ஒரு பவுண்டை, அதாவது 454 கிராமை எடுத்து எண்ணுங்கள். டபிள்யூ-320-இல் தொடர்ந்து 300-க்கு அருகிலேயே எண்ணிக்கை வந்தால், பெரிய பருப்பு அதற்குள் போய்க்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். அடைக்கும்போது ஈரம் 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. 11.34 கிலோ டின்னைக் காற்றை எடுத்து வாயு நிரப்பி மூடியபின் ஒரு நாள் வைத்திருந்து கசிவு பார்த்து அனுப்புவது, திரும்பி வரும் டின்னுக்குப் பதில் சொல்வதைவிட மலிவு.

ஒன்பதாம் படி: இன்றைய எண்ணுக்குப் பதற்றப்படவேண்டுமா என்பதை அறிதல்

அளக்கத் தொடங்கிய ஆலைகளில் அடுத்து வரும் நோய், ஒவ்வொரு நாள் எண்ணுக்கும் ஒரு கூட்டம் போடுவது. நேற்று 22, இன்று 29 என்றதும் யாரையாவது கூப்பிட்டுக் கேட்பது, நாளை 20 வந்ததும் திட்டியதால்தான் குறைந்தது என்று நம்புவது. எதையும் மாற்றாமலே எண்கள் இப்படித்தான் ஏறியிறங்கும். எந்த ஏற்றம் இயல்பானது, எது காரணம் உள்ளது என்று பிரித்துக்காட்டும் வரைபடத்தை வால்டர் ஷூவார்ட் என்பவர் 1924-இல் அமெரிக்காவில் வகுத்தார். அவரிடம் கற்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் டெமிங், 1950-இல் ஜப்பானியத் தொழிலதிபர்களுக்கு அதைப் போதித்தார். அவர் பெயரிலான பரிசைச் சென்னையின் சுந்தரம் கிளேட்டன் நிறுவனம் 1998-இல் பெற்றது. கார் உறுப்புகள் செய்பவர்களுக்கானது இது, முந்திரிக்கு எதற்கு என்று கேட்பார்கள். ஆனால் எண்ணத்தக்க குறை எங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் இது வேலை செய்யும்.

செய்முறை இதுதான். இருபது ஷிப்டுகளுக்கு, ஒவ்வொன்றிலும் 200 பருப்பில் உடைந்தவற்றை எண்ணிச் சராசரி எடுங்கள். சராசரி 24 என்றால் விகிதம் 0.12. அதை உடையாத விகிதமான 0.88-ஆல் பெருக்கி, 200-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் 0.023. அதன் மூன்று மடங்கு 0.069. இதை 0.12-உடன் கூட்டினால் 0.189, கழித்தால் 0.051, 200 பருப்புக்கு மாற்றினால் 37.8-உம் 10.2-உம்; முழு எண்ணில் மேல் எல்லை 37, கீழ் எல்லை 11. கைப்பேசியிலுள்ள கால்குலேட்டரில் இரண்டு நிமிட வேலை. ஒரு சார்ட் தாளில் 24-இல் ஒரு கோடும், 37-க்கு மேலும் 11-க்குக் கீழும் இரண்டு எல்லைக்கோடுகளும் வரைந்து, தினமும் ஒரு புள்ளி வையுங்கள்.

32 வந்தால் யாரையும் கேட்காதீர்கள். அது உங்கள் ஆலையின் இயல்பான ஆட்டத்துக்குள்தான் இருக்கிறது, அதைக் குறைக்கவேண்டுமானால் முறையையே மாற்றவேண்டும். 41 வந்தால் அன்றே, அந்த லாட்டின் அட்டையை எடுத்துக்கொண்டு பின்னோக்கி நடங்கள். கத்தி மாற்றினார்களா, பாய்லர் அழுத்தம் இறங்கியதா, புதிய சரக்கு கலந்ததா என்று நினைவு புதிதாக இருக்கும்போதே கேட்கவேண்டும். எல்லைக்குள் இருந்தாலும் எட்டு ஒன்பது புள்ளிகள் தொடர்ந்து கோட்டுக்கு ஒரே பக்கத்தில் விழுந்தால் ஏதோ மாறியிருக்கிறது. 8 வந்தாலும் விசாரிக்கவேண்டும். ஒன்று எண்ணியவர் தவறாக எண்ணியிருப்பார், அல்லது அன்று தற்செயலாக நாம் தேடிக்கொண்டிருக்கும் ஏதோ ஒன்று நடந்திருக்கும். முறை மாறிச் சராசரி 15-க்கு இறங்கியபின் பழைய கோடுகள் பயன்படாது. புதிதாகக் கணக்கிட்டால் எல்லைகள் 4-க்கும் 26-க்கும் இடையே வரும். முன்பு இயல்பாக இருந்த 32, இனிமேல் விசாரணைக்குரிய எண்.

பத்தாம் படி: பருப்பு அல்லாத கழிவுகள்

டொயோட்டாவின் தாயிச்சி ஓனோ, தேவைக்கு மேல் செய்வது, காத்திருப்பு, வீண் போக்குவரத்து, வேண்டாத வேலை, அதிக இருப்பு, வீண் அசைவு, குறைபாடு என வீணடிப்பை ஏழாகப் பிரித்தார். நம் ஆலைகளில் இவற்றில் மிகப் பெரியது இருப்பு. கட்டிங் வேகமாக ஓடுகிறது என்பதற்காக மூன்று நாள் பருப்பை உரிக்கும் கூடத்தின் முன் குவித்துவைத்தால், மழைக்காலத்தில் அது ஈரத்தை வாங்கி மறுபடியும் போர்மாவுக்குப் போகும். இரண்டு முறை வாட்டிய பருப்பு நிறம் மங்கும். உரிக்கும் கூடம் ஒரு நாளில் முடிக்கும் அளவுக்கு மேல் கட்டிங் நடக்கக்கூடாது. இயந்திரம் சும்மா நிற்பதைப் பார்க்க முதலாளிக்கு மனம் வராது என்பது தெரியும்; குவிந்து கிடக்கும் பருப்பும் சும்மா நிற்கும் பணம்தான்.

போக்குவரத்தை அறிய, ஒரு கூடைப் பருப்பு கட்டிங்கிலிருந்து டின் வரை எத்தனை அடி நடக்கிறது, எத்தனை முறை கொட்டி அள்ளப்படுகிறது என்று ஒரு நாள் கூடவே நடந்து எண்ணுங்கள். ஒவ்வொரு கொட்டலும் சில பருப்பைப் பிளக்கும். கட்டிங்கில் பிடித்த தட்டே போர்மாவுக்குள் நுழையும்படி தட்டின் அளவை ஒன்றாக்கினால் ஒரு கொட்டல் அடியோடு நின்றுபோகும்.

கொட்டையின் எடையில் ஏறத்தாழ 70 விழுக்காடு ஓடு. அதை எண்ணெய் எடுப்பவருக்கு விற்பது பலரும் செய்வதே. ஓட்டோடு ஒட்டிக்கொண்டு போகும் பருப்பை மட்டும் வாரம் ஒரு முறை, 10 கிலோ ஓட்டைக் கிளறிப் பார்த்து எடைபோடுங்கள். அது கூடினால் அவிப்பிலோ கத்தியிலோ கோளாறு என்பதற்கு இதைவிட மலிவான எச்சரிக்கை கிடையாது. எண்ணெய் எடுக்காத ஓட்டை அடுப்பில் எரித்தால் வரும் கரும்புகை ஊர்ப் புகாரில் போய் முடியும் என்பதையும் மறக்கவேண்டாம்.

இவற்றை ஒழுங்காக எழுதிவைக்கத் தொடங்கிவிட்டால், குறைபாடும் சுற்றுச்சூழல் கேடும் இல்லாத உற்பத்திக்கு மத்திய அரசு தரும் ஜெட் (ZED) சான்றிதழுக்கு விண்ணப்பிப்பதும் எளிது. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான உத்யம் பதிவு இருக்கவேண்டும். வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று நிலைகள் உண்டு. 2022-இல் திருத்திய திட்டத்தில் கட்டணத்தில் குறு நிறுவனங்களுக்கு 80 விழுக்காடும் சிறு நிறுவனங்களுக்கு 60 விழுக்காடும் மானியமாக அறிவித்தார்கள். இப்போதைய விவரத்தைக் கடலூர் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளலாம். சான்றிதழுக்காக நோட்டு எழுதாதீர்கள். அப்படி எழுதிய நோட்டுகளில் எல்லா நாளும் ஒரே எண் இருக்கும், ஒரே பேனாவும் இருக்கும்.

பதினோராம் படி: மாற்றியதை நிலைநிறுத்துதல்

ஒவ்வொரு இடத்திலும் சுவரில் ஓர் அட்டை மாட்டுங்கள். பாய்லர் பக்கத்தில் எந்த அளவுக் கொட்டைக்கு எத்தனை நிமிடம், எத்தனை மணி நேரம் ஆறவேண்டும். கட்டிங்கில் எந்த வண்ணத் தகடு. போர்மாவில் எத்தனை டிகிரி, எப்போது தட்டு மாற்றவேண்டும் என்பவை மட்டும் பெரிய எழுத்தில் இருந்தால் போதும். அட்டையிலுள்ள எண்ணை மாற்றவேண்டுமானால், முன்பு சொன்னபடி ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்து, 200 பருப்பை எண்ணி, அதன்பிறகு மாற்றவேண்டும். அப்போது பழைய எண்ணை அழித்துவிடாதீர்கள். அதன்மேல் ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் புதிய எண்ணையும் தேதியையும் எந்த ஊர்ச் சரக்கு என்பதையும் எழுதுங்கள். சித்திரையில் சரியாக இருந்த நிமிடம் ஐப்பசியில் சரியாக இருக்காது; அடுத்த ஐப்பசி வரும்போது, போன ஐப்பசியில் என்ன வைத்தோம் என்று போர்மாக்காரர் அந்த அட்டையில்தான் தேடுவார்.